பிலிஸ் நாயுடுவை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கேள்வி இதுதான்: "தென்னாப்பிரிக்காவின் பிலிஸ் நாயுடுவைப் பற்றி 'மனித உரிமைப் போராளி, எழுத்தாளர்' என்று ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். அவர் யார்? தமிழரா? அவருடைய புத்தகங்களில் எதை முதலில் படிக்கலாம்?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் அதோடு போய்விடலாம். 'ஃபுட்பிரின்ட்ஸ் இன் கிரே ஸ்ட்ரீட்', அதாவது 'கிரே தெருவில் காலடித் தடங்கள்'. 2002இல் டர்பனில் வெளிவந்தது. அதிலிருந்து தொடங்குங்கள். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

தமிழரா என்பதற்கு வருகிறேன். நம் ஊரிலிருந்து யார் இங்கே வந்தாலும் நாயுடு என்ற பெயரைப் பார்த்தவுடன் 'தெலுங்கா, தமிழா' என்று ஆரம்பித்துவிடுவார்கள். நானும் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் டர்பனுக்கு வந்தபோது அப்படித்தான் ஆரம்பித்தேன். இங்கே அந்தக் கணக்கு சரிப்படாது. 1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். ஐந்தாறு தலைமுறையில் பெயர்கள் எங்கெங்கோ போய் ஒட்டிக்கொண்டன. பிலிஸின் விஷயத்தில் நாயுடு என்பது கணவர் வீட்டுப் பெயர். பிறந்த வீட்டில் அவர் பிலிஸ் டேவிட், கிறிஸ்தவக் குடும்பம். அப்பா சைமன் டேவிட் பள்ளித் தலைமையாசிரியர். பிறந்தது 1928 ஜனவரி 5, நட்டால் மாகாணத்தில் எஸ்ட்கோர்ட் என்ற சிறு ஊரில். பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து லேடிஸ்மித் போகும் வழியில் இருக்கிறது. மொழியை வைத்து அவரைப் பங்கு போடுவதில் பலன் இல்லை. டர்பனின் கிரே தெருவைச் சுற்றி வாழ்ந்த தமிழர், தெலுங்கர், குஜராத்தி முஸ்லிம்கள், ஜூலுக்கள் எல்லாரையும் அவர் தன் ஆட்கள் என்றே எழுதினார்.

இனி வாழ்க்கை. அரசியலுக்கு அவர் வந்த வழி உதவிப் பணிகள் வழியாக. 1956 டிசம்பரில் நிறவெறி அரசு நாடு முழுவதும் ஆட்களைப் பிடித்து 156 பேர் மேல் ராஜத்துரோக வழக்குப் போட்டது. நெல்சன் மண்டேலா அதில் ஒருவர், ஆல்பர்ட் லுத்துலி ஒருவர். டர்பனிலிருந்து டாக்டர் மான்ட்டி நாயக்கர், எம்.பி. நாயக்கர், பில்லி நாயர் என்று பலர். நாலு வருடத்துக்கு மேல் இழுத்தடித்து 1961 மார்ச்சில் வழக்கு நிற்கவில்லை, கடைசிவரை இருந்த அத்தனை பேரும் விடுதலை. ஆனால் அந்த நாலு வருடம் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே? அந்தக் குடும்பங்களுக்காகப் பணம் திரட்ட டர்பனில் மனித உரிமைக் குழு என்று ஒன்று அமைத்தவர்களில் பிலிஸ் ஒருவர். அப்புறம் 1961இல், தலைமறைவாக இயங்கிய கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். கணவர் எம்.டி. நாயுடு நட்டால் இந்தியக் காங்கிரஸ்காரர். அவர் ஐந்து வருடம் ராபன் தீவுச் சிறையில் இருந்தார்.

1966இல் பிலிஸ்மேல் தடையுத்தரவு வந்தது. பத்து வருடம். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் புரிந்துகொள்ளாமல் அவர் புத்தகங்களைப் படித்தால் 'என்ன இப்படித் தாவித் தாவி எழுதுகிறார்' என்றுதான் தோன்றும்.

கோயில் மண்டபத்தில் நடக்கும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒருமுறை 'தடைசெய்யப்பட்டவர்' என்று பலகையில் எழுதினேன். ஒரு பையன் கேட்டான், ஆங்கிலத்தில்தான்: "சார், புத்தகத்தைத் தடை செய்வார்கள், ஆளை எப்படித் தடை செய்வது?" நியாயமான கேள்வி. பிள்ளைகளுக்கு இன்று அது விளங்கவில்லை என்பது நல்ல விஷயம்தான். என் மாமியாரின் தலைமுறைக்கு விளக்கமே வேண்டாம். "அந்தம்மா பேன் ஆயிட்டாங்க" என்பார்கள், ஆங்கில 'ban'தான், காய்ச்சல் வந்தது மாதிரி.

ஆளைத் தடை செய்வது இப்படி. கோர்ட் இல்லை, விசாரணை இல்லை, அமைச்சர் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் வரும். அன்றிலிருந்து ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் யாருடனும் சேர்ந்து இருக்கக் கூடாது. இரண்டாவது ஆள் வந்து உட்கார்ந்தால் அது 'கூட்டம்', குற்றம். உங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. குறித்த நாளில் போலீஸ் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பள்ளி, கல்லூரி, தொழிற்சாலை, அச்சகம், பத்திரிகை அலுவலகம் எதற்குள்ளும் நுழையக் கூடாது. தடைசெய்யப்பட்ட இன்னொருவருடன் பேசக் கூடாது. கணவனும் மனைவியும் தடைசெய்யப்பட்டவர்களாக இருந்தால் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி அனுமதி வாங்க வேண்டும்! எல்லாவற்றுக்கும் மேலே, நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையையோ எழுதிய ஒரு வரியையோ நாட்டில் யாரும் மேற்கோள் காட்டி அச்சிடக் கூடாது. பிலிஸுக்கு இதோடு வீட்டுக்காவலும் சேர்ந்தது. வயது முப்பத்தெட்டு. மூன்று பிள்ளைகள். அடுத்த வருடமே கணவரும் ஜெயிலுக்குப் போனார்.

அந்த நிலையிலும் சட்டம் படித்து 1973இல் வழக்கறிஞர் ஆனார். அரசியல் கைதிகளின் வழக்குகளைப் பார்த்தார். தடை 1976இல் முடிந்தது. அது கறுப்பின மாணவர்கள் கிளர்ந்தெழுந்த சோவெட்டோ எழுச்சி நடந்த வருடம். பிடிப்பது, அடைப்பது எல்லாம் முன்னைவிட மோசமாக நடந்துகொண்டிருந்த காலம். 1977இல் எல்லை தாண்டி லெசோத்தோவுக்குப் போனார்.

லெசோத்தோ நாலு பக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த சின்ன மலை நாடு. தலைநகர் மசேரு கேலடன் ஆற்றங்கரையில் இருக்கிறது. அந்தக் கரையில் நின்றால் இந்தக் கரை தெரியும். தப்பி வந்தவர்களுக்கு அது பாதுகாப்பு மாதிரியும் இருக்கும், பாதுகாப்பு இல்லாத மாதிரியும் இருக்கும். 1979 ஜூலையில் ஜான் ஆஸ்மர்ஸ் என்ற நியூசிலாந்துப் பாதிரியாருக்கு ஒரு தபால் பொட்டலம் வந்தது. நிறவெறி அரசை எதிர்த்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் 'செச்சாபா' பத்திரிகை இதழ்கள் என்று நினைத்துப் பிரித்தார்கள். உள்ளே வெடிகுண்டு. பாதிரியாருக்கு வலது கை போனது. உடனிருந்த பிலிஸும் வேறு சிலரும் காயப்பட்டார்கள்.

1982 டிசம்பர் 9ஆம் தேதி இரவு தென்னாப்பிரிக்கப் படை மசேருவுக்குள் புகுந்து வீடு வீடாகச் சுட்டது. செத்தவர்கள் 42 பேர். அதில் 30 பேர் தென்னாப்பிரிக்கர்கள், 12 பேர் அந்த நாட்டு மக்கள். பிலிஸ் இதைப் பற்றி எழுதிய புத்தகம்தான் 'லெ ரோனா ரெ பாத்தோ'. சோத்தோ மொழியில் 'நாங்களும் மனிதர்கள்தான்' என்று பொருள். 1992இல் வந்தது. இந்த மாதிரிப் படுகொலைகளைப் பற்றி வழக்கமாக எழுதுபவர்கள் யார் உத்தரவு போட்டது, எந்தப் படைப்பிரிவு, உலக நாடுகள் என்ன சொன்னன என்று போவார்கள். பிலிஸுக்கு முக்கியமாகப் பட்டது செத்தவர் யார் என்பது. பன்னிரண்டு லெசோத்தோக்காரர்கள் பலருக்கு ஒரு எண் மட்டும்தான். தலைப்பில் இருக்கும் அந்த 'உம்'மை அவர்களையும் நினைத்து வைத்ததாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு லெசோத்தோவில் இருக்க முடியாமல் 1983இல் ஜிம்பாப்வேக்குப் போனார். ஹராரேயில் ஜிம்பாப்வே பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தார். அங்கே இருக்கும்போதுதான், 1989 ஏப்ரலில், மகன் சாதன் ஜாம்பியாவில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் பண்ணையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்னொரு மகனையும் அவர் பின்னால் இழந்தார். இதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுத ஒன்றும் இல்லை.

1990இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ், கம்யூனிஸ்ட் கட்சி மேல் இருந்த தடைகள் நீங்க, டர்பன் திரும்பினார். அதே வருடம் முதல் புத்தகம் வந்தது. வயது அறுபத்திரண்டு! நம் ஊரில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு காசி யாத்திரை போகும் வயது. சொன்னதை யாரும் அச்சிடக் கூடாது என்று பத்து வருடம் வாயைக் கட்டினார்கள், பிறகு பதிமூன்று வருடம் நாட்டுக்கு வெளியே. சொல்ல வேண்டியது எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் புத்தகம் போட வாய்ப்புக் கிடைத்ததும் அவர் செய்தது எனக்கு இன்றும் ஆச்சரியம். தன் கதையை எழுதவில்லை. மற்றவர்களின் பெயர்களை எழுதினார். அவரை எழுத்தாளர் என்று சொன்னால் இந்த அர்த்தத்தில்தான் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

அந்த முதல் புத்தகம் 'வெயிட்டிங் டு டை இன் பிரிட்டோரியா', பிரிட்டோரியாவில் சாவுக்குக் காத்திருப்பவர்கள். தூக்குத் தண்டனைக் கைதிகளைப் பற்றியது. இதன் பின்னணி இன்றைய வாசகருக்குக் கொஞ்சம் தேவை. அன்றைய தென்னாப்பிரிக்காவின் தூக்குமேடை பிரிட்டோரியா மத்தியச் சிறையில் இருந்தது. ஒரே நேரத்தில் ஏழு பேரைத் தூக்கிலிட வசதி. மேடைக்கு ஏறிப்போக 52 படிகள். 1987இல் மட்டும் 164 பேரைத் தூக்கிலிட்டார்கள். உலகத்திலேயே மிக அதிகமாகத் தூக்கிலிட்ட நாடுகளில் ஒன்று அது. பெரும்பாலோர் கறுப்பின ஏழைகள், அரசு கொடுத்த வக்கீலோடு வழக்கை முடித்துக்கொண்டவர்கள். ஒரு வாரத்துக்கு முன்னால் தேதியைச் சொல்லித் தனி அறைக்கு மாற்றுவார்கள். எடை பார்ப்பார்கள், கழுத்து அளவு எடுப்பார்கள். எடைக்குத் தக்கபடி கயிற்று நீளம். முந்தின இரவு மற்ற கைதிகள் விடிய விடியப் பாடுவார்கள். முடிந்த பிறகு உடலைக் குடும்பத்துக்குக் கொடுக்க மாட்டார்கள். அது அரசின் சொத்து. எங்கோ அடையாளம் இல்லாத குழியில் புதைப்பார்கள். அரசியல் கைதிகளின் அந்தக் குழிகளைத் தேடித் தோண்டி எலும்புகளை வீட்டாரிடம் ஒப்படைக்க 2016இல்தான் அரசு ஒரு திட்டம் தொடங்கியது.

அதாவது, தூக்கிலிடுவதோடு ஆளின் தடயத்தையும் அழிப்பது அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. கல்லறை கிடையாது. கருமாதி செய்ய எலும்பு கிடையாது. அந்த இடத்தில் வந்து ஒருவர் உட்கார்ந்து, இவர் பெயர் இது, ஊர் இது, தாய் இன்னார் என்று எழுதுவது சாதாரணக் காரியம் இல்லை. இலக்கிய நயத்தை எதிர்பார்த்து அந்தப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். 1989 நவம்பரில் கடைசித் தூக்கு நடந்தது. 1990 பிப்ரவரியில் நிறுத்திவைத்தார்கள். 1995 ஜூன் 6இல் புதிய அரசியல் சாசன நீதிமன்றம் மரண தண்டனையே சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. பதினொரு நீதிபதிகளும் ஒரே முடிவு. ஆகப் புத்தகம் வந்தபோது விவகாரம் இன்னும் முடியவில்லை, கைதிகள் உள்ளேதான் இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

ராஜத்துரோக வழக்கின் ஐம்பதாவது வருடத்தில், 2006இல், '156 ஹேண்ட்ஸ் தட் பில்ட் சவுத் ஆஃப்ரிக்கா' வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 156 பேரையும் பற்றியது. முப்பது வயதில் யார் வீட்டு அடுப்புக்காகப் பணம் திரட்டினாரோ, எழுபத்தெட்டு வயதில் அவர்களைப் பதிவு செய்தார். உண்மையைச் சொன்னால் இதை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து படிக்க முடியாது, டைரக்டரி மாதிரி இருக்கும். தேவைப்படும்போது எடுத்துப் பார்க்கும் புத்தகம்.

சரி, கிரே தெரு.

இன்று வரைபடத்தில் கிரே தெருவைத் தேடினால் கிடைக்காது. 2008 வாக்கில் டர்பனில் தெருப் பெயர்களை மாற்றியபோது அது டாக்டர் யூசுஃப் தாதூ தெரு ஆனது. பக்கத்தில் இருந்த பிரின்ஸ் எட்வர்ட் தெரு டாக்டர் குணம் தெரு ஆனது. குணம் நம் தமிழ்ப் பெண்மணி, எடின்பரோவில் மருத்துவம் படித்து 1936இல் திரும்பியவர், இங்கே நடந்த 1946 சத்தியாகிரகத்தில் ஜெயிலுக்குப் போனவர். அவர் 'கூலி டாக்டர்' என்று சுயசரிதை எழுதியிருக்கிறார். பிலிஸுக்கு அடுத்து அதைப் படியுங்கள், வாய்விட்டுச் சிரிக்கவும் வைக்கும். ஆனால் டாக்சியில் ஏறி 'தாதூ தெரு' என்று சொல்லிப் பாருங்கள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து "கிரே ஸ்ட்ரீட்டா?" என்பார்.

ஜும்மா மசூதி, அதை ஒட்டிய மதரஸா ஆர்கேட், விக்டோரியா தெரு மார்க்கெட்டின் மசாலா வாசனை, ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சாவ் விற்ற கடைகள், இந்தியப் படம் ஓடிய தியேட்டர்கள், மாடிகளில் தையல் தொழிற்சாலைகள், வக்கீல் ஆபீஸ்கள், தொழிற்சங்க அறைகள். வெள்ளையர் பகுதியில் கடை வைக்க முடியாத, உட்கார்ந்து டீ குடிக்க முடியாதவர்களெல்லாம் இந்தச் சில தெருக்களுக்குள் நெருங்கி வாழ்ந்தார்கள். ஒரு மாடிப்படி ஏறினால் கம்யூனிஸ்ட், அடுத்த படியில் காந்தியவாதி, கீழே புடவைக் கடை. அங்கே நடமாடியவர்களைப் பற்றிய சின்னச் சின்ன வாழ்க்கைக் குறிப்புகள்தான் பிலிஸின் புத்தகம். பின்னால் 2007இல் 'ஃபுட்பிரின்ட்ஸ் பியாண்ட் கிரே ஸ்ட்ரீட்' என்று கிரே தெருவைத் தாண்டியும் போனார். 2009இல் இன்னொரு தொகுப்பு.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒழுங்காக அடுக்கிய வரலாறு இல்லை இது. ஒருவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் வந்துவிடுவார். கட்சி மேல் பற்று உள்ளவர் எழுதியது என்பது தெரியும். கல்லூரிக் கட்டுரைக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்வதானால் தேதிகளை வேறு இடத்திலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் கல்யாண வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெரியம்மா ஒருவர் உறவுமுறை சொல்லுவார் பாருங்கள், 'அவன் யார் தெரியுமா, இவளுக்கு அண்ணன், அவன்தான் அந்த வருஷம் ஜெயிலுக்குப் போனவன்' என்று, அந்த நடை. எனக்கு அது பிடிக்கும். பிடிக்காதவர்களையும் தெரியும்.

என் மாமியாருக்கு இப்போது எண்பத்தொன்று. முனிசிபாலிட்டித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பேரக்ஸில் பிறந்தவர். அறுபதுகளில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தில் அவர்களைக் கிளப்பிக்கொண்டுவந்து, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் போட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் கிரே தெருப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்தார். நாளெல்லாம் காலர் மட்டும்தான், முழுச் சட்டை தைத்தது கிடையாது. ஆங்கிலம் நன்றாகப் படிப்பார். 'காலடித் தடங்கள்' பிரதி ஒன்றை நான் வாங்கி வந்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எடுத்துப் போனார். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. ஓரம் முழுக்கப் பென்சில்.

எனக்கு முதலில் கோபம்தான். புதுப் புத்தகம். அப்புறம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு இடத்தில் 'இவர் மகள் என்னோடு வேலை செய்தாள்'. ஒரு இடத்தில் 'தப்பு, கடை இந்தப் பக்கம் இல்லை, எதிர்ப் பக்கம்'. ஒரு இடத்தில் ஒரு பெயர் மட்டும், அடியில் கோடு. யார் என்று கேட்டேன். "எங்க யூனியன்ல சந்தா வாங்க வரும், மாப்ளே. ஒருநாள் போலீஸ் வந்து கூட்டிட்டுப் போனான். அப்புறம் வரல. புக்குல பேரு இல்ல, அதான் எழுதி வெச்சேன்" என்றார்.

நான் படித்த புத்தகங்களில் வேறு எதற்கும் அவர் இப்படிச் செய்ததில்லை. முறையாக எழுதிய, பளபளப்பான வரலாற்றுப் புத்தகங்கள் வீட்டில் உண்டு. அவற்றை மரியாதையாகத் தூசி தட்டி வைப்பார். பிலிஸின் புத்தகத்தோடுதான் சண்டை போட்டார், திருத்தினார், விட்டுப்போனதைச் சேர்த்தார். திண்ணையில் ஒருவர் உறவுமுறை சொன்னால் பக்கத்தில் இருப்பவர் சும்மா இருப்பாரா?

விருதுகளையும் கேட்பீர்கள். 2003இல் அரசு லுத்துலி விருதை வெள்ளி நிலையில் கொடுத்தது. 2013 பிப்ரவரி 13ஆம் தேதி டர்பனில் இறந்தார், வயது எண்பத்தைந்து. சேர்த்து வைத்திருந்த காகிதங்கள் குவாசுலு நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி லுத்துலி ஆவண மையத்தில் இருக்கின்றன. டர்பன் வருவதானால் அங்கே அரை நாள் ஒதுக்குங்கள்.

புத்தகம் கிடைப்பதுதான் கஷ்டம். பெரிய கடைகளில் தேடாதீர்கள். பழைய புத்தகக் கடைகளிலும் பல்கலைக்கழக நூலகங்களிலும் கேளுங்கள். என் பிரதியை யாருக்கும் அனுப்ப முடியாது. போன மாதம் மாமியார் அதைத் திரும்பவும் வாங்கிக்கொண்டு போனார். அவரோடு காலர் தைத்த ஒரு அம்மாவுக்கு இன்னும் மூன்று பெயர் நினைவு வந்திருக்கிறதாம்.